ஜோடிப் பம்ப்

எழுந்ததும் ஹீட்டர் சுவிட்சைப் போடுகிறேன். சிவப்பு விளக்கு எரிகிறது. பல் தேய்க்கிறேன். பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறேன். வெட்டிய துணுக்கு விரலில் ஒட்டிக்கொள்கிறது. உதறிக் குப்பையில் போடுகிறேன். பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்கிறேன். காப்பி கலக்குகிறேன். ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணைகிறது. தண்ணீர் சூடாகிவிட்டது.

நான் உடனே குளிக்கப் போவதில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குளியலறைக்கு எதிரே இருக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்கிறேன். குளியலறைக் கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே யாரும் இல்லை. காப்பியைக் குடித்து முடிக்கிறேன். பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு எழுந்துபோய்க் குளிக்கிறேன். அதற்குள் தண்ணீர் பாதி ஆறியிருக்கும்.

முதல் தண்ணீர் என் மனைவிக்கு. இருவருக்கும் ஒரே கம்பெனிதான் என்றாலும் அவள் ஆலைகளுக்குப் போகிறவள், அவளுக்கு வேன் சீக்கிரம் வந்துவிடும். எனக்கு அலுவலக மேசை. நான் நிதானமாகப் போகலாம். அதனால் அவள் முதலில், நான் பிறகு. அவள் இறந்த பிறகும் இந்த வரிசையை நான் மாற்றவில்லை. வேண்டும் என்று செய்வதில்லை. உடம்பு போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறது.

அந்த நேரத்தில்தான் அத்தை ஃபோன் செய்வார். அவளுடைய அம்மா.

"மாப்பிள்ளை, எழுந்தாச்சா?"

"ஆச்சு அத்தை."

"குளிச்சாச்சா?"

"இனிமேதான்."

"எப்பக் கேட்டாலும் இனிமேதான். தண்ணியைக் கண்ட பூனை மாதிரி." அவரே சிரித்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை என்றதும் குரல் இறங்கியது. "நேத்து பக்கத்து வீட்டுக்காரி வந்திருந்தா. உங்க பொண்ணு கடைசியா என்ன சொன்னான்னு கேட்டா. அம்மான்னு கூப்பிட்டான்னு சொன்னேன். அப்படித்தானே மாப்பிள்ளை?"

"நான் குளிச்சிட்டிருந்தேன் அத்தை."

"ஆமா. அதான், உங்களுக்குக் கேட்டிருக்காது."

"ம்."

"பெத்தவளைத்தான் கூப்பிட்டிருப்பா. வேற யாரைக் கூப்பிடப்போறா?"

அவள் இறந்த அன்று மட்டும் வரிசை மாறியது. அவள் துண்டோடு கிளம்பியபோது அவளுடைய ஃபோன் அடித்தது. "வேலை ஃபோன்டா. நீ முதல்ல போ" என்றாள். நான் போனேன். வெளியே வந்தபோது அவள் ஸ்டூலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். பக்கத்தில் கிடந்த ஃபோனிலிருந்து ஓர் ஆண் குரல் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்காக அந்த அழைப்பைத் துண்டித்தேன். அவள் அதன் பிறகு கண் திறக்கவில்லை. தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அழைத்த எண் மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் ஒரு தொழிற்சாலையுடையது. அது எனக்குத் தெரியும். நான் திரும்பக் கூப்பிட்டதில்லை. அந்தத் தொழிற்சாலை வேலை எது வந்தாலும் வேறு யாருக்காவது தள்ளிவிடுவேன். அவள் அந்த ஆளிடம் என்ன பேசிக்கொண்டிருந்தாள் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். தெரிந்துகொண்டால் அதோடு அவள் பேசியதெல்லாம் முடிந்துவிடும் என்றும் இருந்தது. அப்படியே விட்டுவைத்தேன்.

அலுவலகத்தில் டெட்லைன் என்னைக் கூப்பிட்டார். எங்கள் பிரிவின் தலைவர். பெயர் அவள் வைத்தது. எதையும் நாளைக்குள் கேட்பார். அந்த மனிதர் பிறக்கும்போதே கையில் கடிகாரத்தோடு பிறந்து நர்சிடம் தாமதத்துக்கு விளக்கம் கேட்டிருப்பார் என்பாள்.

"உக்காருப்பா. மூடிக் கம்பெனியிலேருந்து மறுபடி ஃபோன். குளிர்நீர் நின்னு நின்னு வருதாம். அச்சு சூடாகி மூடியெல்லாம் கோணிப்போகுதாம். குடிகாரன் தொப்பி மாதிரி உக்காருதாம் பாட்டில் மேல."

"அங்க நான் போறதில்லையே."

"தெரியும். ஆனா நம்ம ஜோடிதான் காரணம்ங்கிறாங்க."

ஜோடி என்பது ஒரு பிளாக். தொழில் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆலைகளில் எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எந்த வால்வு எப்போது மூட வேண்டும் என்று உத்தரவு போடுவது பி.எல்.சி. என்கிற சிறிய கணினி. அதற்கு நிரல் எழுதுவது எங்கள் வேலை. ஒரே மாதிரி வேலை பல இடங்களில் வந்தால் திரும்பத் திரும்ப எழுத மாட்டோம். ஒரு முறை எழுதி, ஒரு பெயர் வைத்து, எங்கள் சொந்தக் கட்டளையாக லைப்ரரியில் சேர்த்துவிடுவோம். அதைத்தான் பிளாக் என்போம். பிறகு யார் வேண்டுமானாலும் எந்த ஆலையின் நிரலிலும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். உள்ளே இருக்கும் எழுத்து எல்லா இடத்திலும் ஒன்று. ஞாபகம் மட்டும் ஒவ்வோர் இடத்துக்கும் தனி.

பிளாக் எழுதுவது பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி என்பாள் அவள். போகிற வீட்டில் யார் என்ன கேட்பார்கள் என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

ஜோடி அவள் எழுதியது. இரண்டு பம்ப்புகள் மாறி மாறி ஓடுவதற்கானது. ஒன்று ஓடும்போது மற்றது ஓய்வெடுக்கும். முறை வந்ததும் ஓடுவது நின்று மற்றதுக்கு வழிவிடும். இரண்டும் சமமாகத் தேயும். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருடைய ஆலைகளில் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

"வெளிக் கம்பெனி பிளாக் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன்" என்றார் டெட்லைன். "இதை எடுத்துட்டு அதைப் போட்டுடலாம்."

"அந்த ஆலைல மட்டுமா?"

"லைப்ரரியிலேருந்தே எடுத்துடலாம். எல்லா ஆலைலயும் ஒண்ணொண்ணா மாத்திடுவோம். ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு எதுக்கு?" சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். "தப்பா நினைக்காதப்பா. யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியாதா? கோணல் மூடியைக் கையில வெச்சிக்கிட்டுத் திட்டறவனுக்கு அது தெரியுமா?"

"நான் பார்க்கறேன்."

"நீ அதைத் திறக்கவே மாட்டியே."

"பார்க்கறேன்."

"நாளைக்குள்ள" என்றார். குரலில் வழக்கமான வேகம் இல்லை.

அவளுடைய துணிகளை அத்தை எடுத்துப் போய்விட்டார். வண்டியை விற்றாயிற்று. ஃபோனின் பேட்டரி உப்பிவிட்டது. அவள் கையால் செய்து, இன்றைக்கும் எங்கோ வேலை செய்துகொண்டிருப்பது ஜோடி ஒன்றுதான். என் மேசையில் உட்கார்ந்திருக்கும்போது சில சமயம் நினைப்பேன்: இந்த நிமிஷம் ஏதோ ஓர் ஆலையில் அவள் எழுதிய வரிப்படி ஒரு பம்ப் நிற்கிறது, இன்னொன்று கிளம்புகிறது. அதற்கு மேல் எதுவும் நினைப்பதில்லை. நினைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். ஆனால் அதுவும் போய்விட்டால் பிறகு எதுவும் இல்லை.

மறுநாள் வேனில் போனேன்.

பம்ப் அறை தொழிற்சாலையின் பின்பக்கம். பச்சை பெயிண்ட் அடித்த தரை, ஓரங்களில் எப்போதும் ஈரம். குழாய்களின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. அவற்றின் மேல் யாரோ விரலால் பூனை வரைந்திருந்தார்கள். இரண்டு பம்ப்புக்கான மேடைகள். ஒன்றில் நீல நிறப் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மற்றது வெறும் மேடை. நான்கு போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. குழாய் வாய்களைத் தகடு வைத்து அடைத்திருந்தார்கள்.

எலெக்ட்ரீஷியன் வந்தார். குட்டையான மனிதர், சட்டைப் பையில் டெஸ்டர், தலையில் ஹெல்மெட். "வாங்க சார்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலணியைப் பார்த்தார். அந்த ஒரு சொல்லிலேயே குரல் தெரிந்துவிட்டது. ஃபோனில் ஹலோ ஹலோ என்று கத்திய குரல்.

அவர் காதடைப்பான் இரண்டை எடுத்துக் கொடுத்தார்.

"இவன் ஒத்தையா மாட்டிக்கிட்டான் சார்" என்று ஓடும் பம்ப்பைத் தட்டினார். "அவனுக்கு ஷாஃப்ட் ஒடைஞ்சிடுச்சு. புதுசு கடைஞ்சு வரணும். வருது வருதுங்கிறாங்க, பட்டறைக்காரன் அதைக் கடையறானா, வளர்க்கறானான்னு தெரியலை."

"எப்ப நிக்குது?"

"முறை மாறும்போதுதான். கொஞ்சம் இருங்க. நேரம் ஆச்சு. நீங்களே பாருங்க."

நின்றோம். பம்ப்பின் சத்தம் மெல்ல இறங்கியது. நின்றது. மின் பேனலுக்குள், மற்ற பம்ப்புக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டர் டக்கென்று ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். வெறும் மேடையில் நான்கு போல்ட்டுகள். அழுத்தமானியின் முள் சாய்ந்துகொண்டே போனது. பேனல் திரையில் ஒரு வரி: மற்றது வருவதற்காகக் காத்திருக்கிறது.

அறை அமைதியாக இருந்தது. எங்கேயோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கான்டாக்டர் விடுபட்டது. மஞ்சள் விளக்கு எரிந்தது. நீலப் பம்ப் மறுபடி கிளம்பியது.

"பார்த்தீங்களா? ஒவ்வொரு முறையும் இதே கூத்து. இல்லாதவனுக்கு வழிவிட்டு நிக்கறான். வரமாட்டான்னு இத்தனை நாள்ல தெரிய வேணாமா? மரமண்டை." சட்டென்று என்னைப் பார்த்தார். "பம்ப்பைச் சொன்னேன் சார்."

"புரியுது."

"அவனுக்கு என்ன தெரியும், பாவம்."

பேனல் கதவைத் திறக்கச் சொன்னேன். மற்ற பம்ப்பின் பிரேக்கரை அணைத்துப் பூட்டுப் போட்டிருந்தார்கள். அது சரி. ஆனால் அந்தப் பம்ப் தயாராக இருக்கிறது என்று பி.எல்.சி.க்குச் சொல்லும் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு சிறிய சிவப்பு வயரைச் செருகியிருந்தார்கள்.

"இது?"

எலெக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். ஹெல்மெட்டின் மேலேயே சொறிந்தார். "அதைப் போடலைன்னா, பம்ப் பழுதுன்னு மேல கன்ட்ரோல் ரூம்ல அலாரம் ஓயாம கத்துது சார். அமத்தினா மறுபடி கத்துது. சூப்பர்வைசர் வந்து என்னைக் கத்தறார். ரெண்டு பேர்ல ஒருத்தர் வாயையாவது மூடணுமே."

வயரைப் பிடுங்கினால் ஜோடி ஒழுங்காக நடந்துகொள்ளும். மற்றது பழுது என்று புரிந்துகொண்டு, முறை மாற்றாமல் ஓடும். ஆனால் அலாரம் கத்தும். நான் கிளம்பியதும் வயர் மறுபடி உள்ளே போகும். எந்த ஆலையிலும் இப்படித்தான் செய்வார்கள். அவர்கள்மேல் குற்றம் இல்லை. தயார், பழுது என்று இரண்டே நிலைகளைத்தான் அவள் கொடுத்திருந்தாள். இல்லை என்று சொல்ல இடம் வைக்கவில்லை. இடம் இல்லாததால் இவர்கள் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள்.

டெட்லைன் பார்த்து வைத்திருக்கும் வெளிக் கம்பெனி பிளாக்கின் விவரத்தாளையும் பார்த்தேன். அதிலும் தயார், பழுது இரண்டுதான்.

ஒரு கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். ஜோடியைத் திறந்தேன்.

பிளாக்கைத் திறந்தால் மூலையில் இரண்டு பெயர்கள் வரும். உருவாக்கியவர், கடைசியாகத் திருத்தியவர். உருவாக்கியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அது உண்மை இல்லை. என்னுடைய பழைய பிளாக் ஒன்றை நகல் எடுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுத்தான் அவள் எழுத ஆரம்பித்தாள். "உன் வீட்டைக் காலி பண்ணிட்டு நான் குடிவந்துட்டேன்" என்றாள். மேலே என் பெயர் தங்கிவிட்டது. கடைசியாகத் திருத்தியவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

நான் ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்தாலும் அந்த இடத்தில் என் பெயர் வந்துவிடும். இரண்டு இடத்திலும் நான்.

கீழே போனேன். வரிகளுக்கு நடுவில் அவள் குறிப்புகள். குறிப்பு எழுதுவது விதி. இப்படி எழுதுவது அவள் பழக்கம். முதல் வரியில்: உள்ளே கை வைப்பவர் முதலில் கையைக் கழுவவும். காத்திருக்கும் நேரத்துக்குப் பக்கத்தில்: இவ்வளவு நேரம் போதுமா? போதும். அவசரம் என்றால் டெட்லைனிடம் பேசவும். அதற்குக் கீழே, மற்ற பம்ப் வராமல்போனால் என்ன செய்வது என்ற பகுதியில்: ஒரு தடவை வரவில்லை என்று ஒதுக்கிவிடாதே. அடுத்த முறையும் கூப்பிடு.

இது நாங்கள் சண்டை போட்ட இடம். அவள் எழுதியதை நான் சரிபார்க்க வேண்டும் என்று வேலை வந்திருந்தது. வீட்டில் தரையில் உட்கார்ந்து பார்த்தோம்.

"ஒரு தடவை ஃபெயில் ஆனா பூட்டிடணும். ஆள் வந்து பார்த்துத் திறந்துவிடட்டும்" என்றேன்.

"நீ போன வாரம் பால் வாங்க மறந்தே. உன்னைப் பூட்டிட்டேனா?"

"அது வேற."

"என்ன வேற? பம்ப்புக்குள்ள காத்து அடைச்சுக்கும்டா. முதல் தடவை தண்ணி ஏறாது. ரெண்டாவது தடவை தானா சரியாயிடும். அதுக்குப்போய் ஆளை அனுப்புவியா? ஒரு சான்ஸ் குடு, பாவம்."

"எத்தனை சான்ஸ்?"

"வர வரைக்கும்."

"இது இன்ஜினியரிங்கா, குடும்பம் நடத்தறதா?"

"ரெண்டும் ஒண்ணுதான். உனக்கு ரெண்டும் வராது." என் தோளில் பேனாவால் குத்தினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

அவள் சொன்னது சரி. எல்லா ஆலைகளிலும் அது வேலை செய்தது. காற்றடைத்துத் தடுமாறிய பம்ப்புகள் அடுத்த முறை எழுந்துகொண்டன. இனி வரவே வராத ஒன்றை அவள் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

தொடர்ந்து மூன்று தடவை வரவில்லையென்றால் விட்டுவிடு என்று எழுதினேன். உடனே அழித்தேன். மோசமாகக் காற்றடைத்த பம்ப்பும் மூன்று தடவை தவறும். எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தாமதமாக வருவதும் இல்லாமலே போவதும் நிரலுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டிலும் பதில் வராது, அவ்வளவுதான். யாராவது ஓர் ஆள் வந்து சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

அதனால் பிளாக்குக்குப் புதிதாக ஓர் உள்ளீடு வைத்தேன். பெயர்: இருக்கிறதா. விடை ஆம் என்றால் எல்லாம் அவள் எழுதியபடியே நடக்கும். இல்லை என்றால் முறை மாற்றக் கூடாது, கூப்பிடக் கூடாது, அலாரம் அடிக்கக் கூடாது. திரையின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி மட்டும் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

புதிய உள்ளீடு வைத்தால் இன்னொரு தொல்லை. மற்ற ஆலைகளில் இந்தக் கேள்வியே கிடையாது. அங்கே இந்தப் பிளாக் போகும்போது, யாரும் எதுவும் சொல்லாவிட்டால் என்ன என்று எடுத்துக்கொள்ளும்? அதையும் நான்தான் எழுத வேண்டும். ஆம் என்று எழுதினேன். யாரும் சொல்லாதவரை இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும்.

அவள் குறிப்புகளில் கை வைக்கவில்லை. அடுத்த முறையும் கூப்பிடு என்பதன் கீழே நானும் ஒரு குறிப்பு எழுத நினைத்தேன். சரியாக ஒன்றும் வரவில்லை. கடைசியில் 'இருக்கிறதா: ஆம் என்றால் மட்டும்' என்று எழுதினேன்.

சேமிக்க வேண்டும்.

அவளுடைய கணக்கை அலுவலகம் இன்னும் மூடவில்லை. மறந்துவிட்டார்கள், அல்லது யாருக்கும் மனம் வரவில்லை. கடவுச்சொல் எனக்குத் தெரியும். அவள் கணக்கில் நுழைந்து சேமித்தால் மூலையில் அவள் பெயரே இருக்கும், இன்றைய தேதியோடு. நான் என் கணக்கிலிருந்து வெளியே வந்தேன். அவள் பெயரை அடித்தேன். கடவுச்சொல் கட்டத்தில் கோடு மின்னி மின்னி நின்றது.

"என்ன சார், நின்னுட்டீங்க?" எலெக்ட்ரீஷியன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். திரையில் இருந்த பெயரைப் படித்தார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"சேமிச்சா பேர் மாறிடும்."

அவர் குழாயின் வியர்வையைக் கையால் துடைத்து, கையைப் பேன்ட்டில் துடைத்தார்.

"அந்தப் பேரு எங்க பேனல் திரையிலயும் வரும் சார். கோளாறுன்னா நாங்க அதைப் பார்த்துத்தான் ஃபோன் போடுவோம். யாருக்குப் போடணும்னு எங்களுக்கு வேற எப்படித் தெரியும்? அன்னிக்குக்கூட அதைப் பார்த்துத்தான்…" நிறுத்திவிட்டார்.

நான் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு பம்ப் அறையில் ஒருவர் மூலையில் இருக்கும் பெயரைப் பார்க்கிறார். எண்ணைத் தேடி எடுக்கிறார். கூப்பிடுகிறார். அந்த ஃபோன் உப்பிய பேட்டரியோடு என் அலமாரியில் கிடக்கிறது. அவர் மறுபடி கூப்பிடுகிறார்.

ரத்து செய்தேன். என் பெயரில் நுழைந்தேன். சேமித்தேன். ஒரு சின்னப் பட்டை நிரம்பியது. மூலையில் இரண்டு இடத்திலும் என் பெயர்.

பி.எல்.சி.யில் ஏற்றினேன். சிவப்பு வயரைக் கழற்றி எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்தேன். அவர் அதை விரலில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேனல் திரையில் புதுக் கேள்வி வந்திருந்தது. இரண்டாவது பம்ப்: இருக்கிறதா? ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். ஆம் என்பது பச்சையாக இருந்தது.

"அழுத்துங்க" என்றேன்.

"நீங்களே அழுத்திடுங்க சார். புதுசு. நான் எதையாவது அழுத்தி, கட்டடம் கிளம்பி ஓடிடப்போகுது."

இல்லை என்பதை அழுத்தினேன். உறுதியா என்று கேட்டது. அந்தக் கேள்வியையும் நான்தான் எழுதியிருந்தேன். ஆம் என்று அழுத்தினேன்.

அடுத்த முறை வரும்வரை இருவரும் நின்றோம். அவர் ஓடும் பம்ப்பின் பேரிங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஜுரம் பார்ப்பது போல வைத்திருந்தார்.

"ஒத்தையா எத்தனை நாள் தாங்குவான் சார்?"

"தாங்கும். சூட்டை மட்டும் பார்த்துக்கிட்டே இருங்க."

"பார்த்துக்கறேன்."

நேரம் வந்தது. பம்ப்பின் சத்தம் மாறவில்லை. முள் அசையவில்லை. கான்டாக்டர் ஒட்டவில்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

"தாண்டிடுச்சா?" என்றார்.

"தாண்டிடுச்சு."

டெட்லைனுக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பினேன். ஜோடி சரியாகிவிட்டது, எடுக்க வேண்டாம். சரி என்று பதில் வந்தது. கூடவே, சாப்பிட்டாயா என்று இருந்தது. அவர் அப்படிக் கேட்டதில்லை.

மடிக்கணினியைப் பையில் வைத்தேன். எலெக்ட்ரீஷியன் வாசலில் நின்றிருந்தார். வழி விடவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நெற்றியில் அதன் பட்டை சிவப்பாகப் பதிந்திருந்தது.

"சார், சொல்லலாமா வேணாமான்னு காலையிலேருந்து… அன்னிக்கு ஃபோன்ல நான்தான்."

"தெரியும். குரல் ஞாபகம் இருக்கு."

"என்மேல கோவமில்லையே?"

"இல்ல."

"அப்பவும் இதே கோளாறுதான் சார். இதே பம்ப்தான். பேரிங் போயிருந்துச்சு. கழட்டிட்டு அலாரத்துக்கு வயரைப் போட்டேன், இவன் நின்னு நின்னு ஓட ஆரம்பிச்சான். மேடம்கிட்ட சொன்னதும் சிரிச்சாங்க. அட, ஆளே இல்லாமப் போனா என்னன்னு நான் யோசிக்கவே இல்லையேன்னாங்க. மறுநாளே பேரிங் வந்துடுச்சு. அதோட விட்டுட்டோம். யார்கிட்டயும் சொல்ல மனசு வரலை."

நான் பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தைக்காகத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன். "அப்புறம்? அம்மான்னு கூப்பிட்டாளா?"

"இல்ல சார். அப்படி எதுவும் இல்ல. ஏதோ விழற சத்தம் கேட்டுச்சு. நான் ஹலோ ஹலோன்னு கத்தினேன். நீங்க கட் பண்ணிட்டீங்க. அப்புறமும் ரொம்ப நேரம் ஃபோனைக் காதுலயே வெச்சிருந்தேன். சொல்லியிருந்தாங்களே."

"என்ன சொன்னா?"

அவர் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். அவள் குரலைக் கொண்டுவர முயலவில்லை. ஒப்பிப்பது போலச் சொன்னார்.

"'லைன்லயே இருங்கண்ணா. எங்க வீட்டுக்காரர் குளிச்சிட்டிருக்கார். வரட்டும், அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்.'"